"இயற்கை முறை"யும் உழைப்பும்: கூடமில்லா உடற்பயிற்சியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

உடற்பயிற்சிக் கூடத்தின் துணையின்றித் தன் உடலின் பாரத்தையே எடைக்கல்லாகக் கொண்டு வலிமை பெறும் முறையும், மதில், படிக்கட்டு, கூரை விளிம்பு ஆகியவற்றை ஓடியும் தாவியும் கடக்கும் பார்க்கூர் என்னும் பயில்முறையும் இன்று பல நாடுகளில் இளைஞரிடையே பரவியுள்ளன. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையையே கூறுவர். இயந்திரங்களுக்கும் கட்டணங்களுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த மனிதன் தன் ஆதி இயற்கைக்குத் திரும்புகின்றான் என்பதே அக்கதை. இக்கூற்றை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. அக்கதையில் வரும் "இயற்கை" எனும் சொல் எங்கிருந்து வந்தது, அது எதனை மறைத்து நிற்கின்றது என்பதனை வரலாற்று வழி நின்று நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூடம் என்பதே நெடுநாளையது அன்று. 1811இல் பேர்லினின் ஹாசன்ஹைடே வெளியில் யான் என்பார் தேகாப்பியாசத் திடலொன்றைத் திறந்தார். நெப்போலியனின் படைகளை எதிர்க்கும் பிரஷ்ய இளைஞரை உருவாக்குதல் அவர் நோக்கு. சுவீடனில் லிங் என்பாரின் மத்திய நிறுவகம் 1813இல் எழுந்தது. பிரான்சில் அமோரோஸ் என்ற ஸ்பானியக் கேணல் படையினருக்கான பயிற்சியைத் தொடக்கி வைத்தார். திடல், கருவி, கட்டளை என்ற மூன்றும் இவ்வாறு ஐரோப்பியத் தேசிய அரசின் தேவையோடு பிறந்தவை. பிரஷ்ய அரசு 1820இல் யானின் திடல்களையே ஆபத்தானவையெனத் தடைசெய்து, 1842 வரை அத்தடையை நீடித்தது. உடலை ஆள்வது யார் என்ற வினா தொடக்கத்திலேயே அரசியல் வினாவாக இருந்தமைக்கு இதுவே சான்றாகும்.

இக்கூடத்துக்கு எதிராக எழுந்த குரல்களுள் முதன்மையானது ஜோர்ஜ் எபேர் (1875-1957) என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியினுடையது. கப்பற் பயணங்களில் அவர் பல கரைகளின் மக்களைக் கண்டார். அவர்தம் உடல்கள் வலிமையும் நெகிழ்வும் வாய்ந்திருந்தன. அவர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் எவரும் இருந்ததில்லை. இயற்கையில் வாழ்ந்த வாழ்வே அவர்களை அவ்வாறு ஆக்கியது என அவர் முடிவு கண்டார். லொரியான் நகரிலிருந்த கடற்படைப் பயிற்சிப் பாடசாலையில் இதனை முறையாக வகுத்தார். நடத்தல், ஓடுதல், தாவுதல், நாற்காலில் ஊர்தல், ஏறுதல், சமநிலை பேணல், எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீந்துதல் எனப் பத்து வகையாக அமைந்தது அது. "இயற்கை முறை" என அதற்குப் பெயரிட்டார். கருவிகளுக்குப் பதிலாகத் தடைகள் நிறைந்த திறந்தவெளி நிலப்பரப்பே அங்கு பயிற்சிக் களமாயிற்று. பயனுடையவனாய் இருத்தற்கே வலிமை வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை.

அவரது சிந்தனையின் பிறப்பிடமாக மாட்டினிக் தீவு அடிக்கடி சுட்டப்படுவதுண்டு. 1902 மே 8ஆம் நாள் பெலே எரிமலை வெடித்தபோது சென் பியெர் நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். அவ்வேளை அத்தீவின் கடலில் மீட்புப் பணியில் எபேரும் ஈடுபட்டார் என்றும், ஆபத்தில் எவர் உடல் உதவிற்று, எவர் உடல் உதவவில்லை என்பதை அங்கேயே கண்டார் என்றும் அவருடைய மரபினர் கூறுவர். அக்கதையின் சில பகுதிகள் பிற்காலத்தில் வளர்ந்தவையாகவும் இருக்கலாம். நமது கவனத்துக்குரியது அதுவன்று. சென் பியெர் நகரின் உடல்கள் எவ்வாறு உருவானவை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு நல்ல சான்றொன்று உண்டு. லவ்காடியோ ஹேர்ன் என்ற எழுத்தாளர் 1887 தொடக்கம் 1889 வரை அத்தீவில் வாழ்ந்து, 1890இல் வெளியிட்ட நூலில் சென் பியெரின் சுமைகாரப் பெண்களைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தலையிற் சுமந்து, வெறுங்காலோடு மலைப்பாதைகளில் ஒரே நாளிற் பல பத்து மைல்களைக் கடந்தவர்கள் அவர்கள். அவர்களின் நடையையும் உடற்கட்டையும் அவர் வியந்து போற்றுகின்றார். ஆனால் அவ்வியப்பினூடே முக்கியமான செய்தியொன்றையும் பதிவு செய்கின்றார்: ஏறத்தாழ ஐந்து வயதிலேயே அச்சிறுமியர் தலையிற் சிறு பொருள்களைச் சுமக்கப் பழக்கப்பட்டனர், வயதோடு சுமையும் ஏறிற்று. ஆசிரியர் இல்லை என்று எவ்வாறு கூறலாம்? ஆசிரியர் இருந்தார், வறுமை என்பது அவர் பெயர். படிப்படியாகப் பாரத்தைக் கூட்டுதல் என்று இன்றைய பயிற்சியாளர் கூறும் விதி, கூலிக்காக அங்கு நிறைவேறிக் கொண்டிருந்தது.

மாட்டினிக்கில் அடிமை முறை ஒழிந்தது 1848இல். அதன் பின்னரும் கரும்புத் தோட்டங்கள் ஒழியவில்லை. 1853 முதல் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக ஏறத்தாழ 25,000 ஒப்பந்தத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து அங்கு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிற் கப்பலேறிய தமிழர். பெலே மலையின் வடக்கேயுள்ள பாஸ் புவாந்த், மக்கூபா ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பலர் குடியமர்த்தப்பட்டனர். எமது நாட்டு மலையகத்தின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கூடை சுமந்து செங்குத்தான சரிவில் ஏறுபவரின் கால்வலிமையை "இயற்கை" என்று எவரும் பெயரிட்டால் நாம் சிரிப்போம். தூரத்து நாட்டைப் பற்றி அவ்வாறு எழுதப்படுகையில் மட்டும் அது மெய்யியலாகத் தோன்றுகின்றது.

எனவே எபேர் "இயற்கை" எனக் கண்டது பெரும்பாலும் உழைப்பே என்பது எமது கருத்து. உழைப்பின் பயனாகிய உடலை எடுத்துக்கொண்டு, உழைப்பையும் அதன் கூலியையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு முறையாக்கி ஐரோப்பிய இளைஞருக்கு வழங்கினார் அவர். இதனை அவருடைய தனிப்பட்ட தீயநோக்கமாகக் கொள்வது பொருந்தாது. போட்டி விளையாட்டின் வணிகத்தன்மையை அவர் கடுமையாகச் சாடினார். 1925இல் விளையாட்டை உடற்கல்வியின் எதிரியாகக் காட்டி ஒரு நூலே எழுதினார். பெண்களுக்கு இறுக்க உடைகளிலிருந்து விடுபட்ட பயிற்சி வேண்டுமென வாதிட்டார். எனினும் 1913இல் ரைம்ஸ் நகரில் அவருக்கென எழுந்த பயிற்சிக் கல்லூரி சம்பேன் மது வணிகத்தோடு தொடர்புடைய பொலிஞாக் பிரபுவின் பணத்தில் அமைந்தது. இயற்கைக்குத் திரும்புவதற்கும் முதலாளியின் தோட்டம் தேவைப்பட்டது போலும்! முதலாம் உலகப் போரில் அக்கல்லூரி அழிந்தது. இம்முறையின் செல்வாக்கினால் வளர்ந்த தடைப்பாதைப் பயிற்சி பிரெஞ்சுப் படையில் நிலைபெற்றது. 1940இல் தோன்றிய விசி அரசும் எபேரின் முறையைப் பள்ளிகளிலும் இளைஞர் முகாம்களிலும் விரும்பி மேற்கொண்டது. கூடமின்மை மட்டும் சுதந்திரத்தின் அடையாளமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அத்தடைப்பாதை குடியேற்ற நாடுகளுக்கும் சென்றது. 1939இல் வியட்நாமிற் பிரெஞ்சுத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்த றேமொன் பெல், போரினாற் குடும்பத்தைப் பிரிந்து, டாலாற் நகரிலிருந்த படையினர் பிள்ளைகளுக்கான பாடசாலையில் வளர்ந்தார். அங்கு மற்றவரின் வன்செயலுக்கு இரையாகாதிருக்க, இரவில் எல்லோரும் உறங்கிய பின் தனியே தடைகளிற் பயின்றார் என மகன் டேவிட் பிற்காலத்தில் விவரித்துள்ளார். ஓர் அநாதைச் சிறுவனின் அச்சமே அங்கு பயிற்சியாளன். 1954இல் பிரான்ஸ் சேர்ந்த அவர், பின்னர் படைப்பிரிவாகவே இயங்கும் பாரிஸ் தீயணைப்புப் படையில் இணைந்து, துணிகரமான மீட்புகளாற் புகழ் பெற்றார்.

அவர் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை விரிவாக நோக்குதல் தகும். வியட்நாம் பற்றிய பேச்சுவார்த்தைகள் பாரிசில் விரிவுபெற்ற 1969 ஜனவரியில், 18ஆம் நாள் இரவு சுவிற்சர்லாந்து இளைஞர் மூவர் நோத்ர டாம் தேவாலயத்துக்குச் சென்றனர். அதன் கோபுர உச்சியில் வியட்நாம் தேசிய விடுதலை முன்னணியின் கொடி கட்டப்பட்டது. எவரும் விரைவில் ஏறிவிடாதபடி, இறங்கும்போது உச்சிக்குச் செல்லும் படிக்கம்பிகளை அறுத்துவிட்டு அகன்றனர். மறுநாள் பாரிஸ் நகரம் முழுவதும் அக்கொடியைக் கண்டது. ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி அதனை அகற்றிய தீயணைப்பு வீரர் றேமொன் பெல். குடியேற்ற ஆட்சி தனது போரினால் அநாதையாக்கிய சிறுவனை, தனது தடைப்பாதையில் வளர்த்து, அவன் பிறந்த மண்ணின் கொடியையே இறக்குதற்குப் பயன்படுத்திற்று. அவர் தம் கடமையைச் செய்தார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் அன்று அக்கோபுரத்தில் ஏறியோரும் இறங்கியோரும் காட்டிய உடல்திறன் ஏறக்குறைய ஒன்றே என்பதும், அதன் பொருளை நிர்ணயித்தது அவர்கள் எவருக்காக நின்றனர் என்பதே என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

1973இல் பிறந்த டேவிட் பெல், பாரிசின் தெற்கேயுள்ள லிஸ் என்னும் ஊரில் இளமையைக் கழித்தார். அருகிலுள்ள எவ்றி, 1960களில் அரசு திட்டமிட்ட புதிய நகரங்களுள் ஒன்று. கொங்கிறீற்றுத் தொகுதிகள், மாடிப்பாலங்கள், சுவர்கள், வேலையற்ற மாலைப்பொழுதுகள். சிற்பி செக்கெலி 1975இல் அங்கு அமைத்த "ஏரிப் பெண்மணி" என்ற பெருஞ்சிற்பம் இளைஞர் ஏறிப் பழகும் இடமாயிற்று. தந்தையிடமிருந்து கேட்டறிந்ததை டேவிட் இச்சுவர்களிற் பரிசோதித்தார். 1997இல் ஒன்பது இளைஞர் சேர்ந்த குழு யமகாசி எனப் பெயர்பெற்றது. அப்பெயர் கொங்கோ பகுதியின் லிங்காலா மொழிக்குரியது. வலிய உடல், வலிய மனிதன் என்னும் பொருளது. அவர்களுட் பலர் ஆபிரிக்க, ஆசிய வழியினர். செபஸ்ரியன் பூக்கான், மாட்டினிக்கை அடுத்த குவாதலூப் வழிவந்தவர். எபேர் கப்பற்தளத்திலிருந்து நோக்கி வியந்த மக்களின் பேரப்பிள்ளைகள், அவருடைய முறையைப் பாரிசின் புறநகர்ச் சுவர்களில் தமதாக்கிக் கொண்டனர் என்று கூறுவது மிகையாகாது. பாதை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் எழுத்தை மாற்றிப் "பார்க்கூர்" என்ற வடிவம் 1998இல் வழக்குக்கு வந்தது.

புறநகர் இளைஞன் ஒரு மதிலைத் தாண்டும்போது காவலர் அவனிடம் முதலிற் கேட்பது அடையாள அட்டையையே. அதே தாவலை 2001 முதல் திரைப்படங்கள் விலைக்கு வாங்கின. 2017இல் அனைத்துலகத் தேகாப்பியாசச் சம்மேளனம் பார்க்கூரைத் தன் துறைகளுள் ஒன்றாக்க முற்பட்டது. பல நாடுகளின் பார்க்கூர் அமைப்புகள், தம்மைக் கேளாது செய்த கைப்பற்றல் இது எனக் கண்டித்தன. கண்டனம் பலிக்கவில்லை. 2022 ஒக்டோபரில் டோக்கியோவில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. அங்கு வீரர் தாண்டிய தடைகள் போட்டிக்கெனவே செய்து நிறுத்தப்பட்டவை. நேரங்காட்டியும் நடுவரும் உடனிருந்தனர்.