துயிலிடம் என்றொரு சொல்

மரணத்தை அதன் பெயர் சொல்லி உரைக்க மனிதன் என்றும் தயங்கியே வந்திருக்கின்றான். நம் இல்லங்களிலும் 'மவுத்து' என்னும் சொல்லைச் சற்றே ஒதுக்கி, 'வபாத்தானார்', 'இறையடி சேர்ந்தார்' என்கின்றோம். இத்தயக்கம் ஆங்கில மொழியில் பெற்ற வடிவங்களின் வரலாறு நமக்கும் பாடமாகத் தக்கது.

பண்டைய ஆங்கிலத்தில் இறத்தலைக் குறித்த வினைகளுள் ஒன்று 'ஸ்டெயோர்ஃபன்'. அதுவே 'ஸ்டார்வ்' எனத் திரிந்து, இன்று பட்டினியால் வாடுதலையும் மடிதலையும் குறிக்கின்றது. அதன் இடத்தைப் பெற்ற 'டை' என்னும் சொல், கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காந்திநேவியரின் தொடர்பால் வேரூன்றியது என்பர் மொழிநூலார் பலர். அதனினும் மென்மையாகக் 'கடந்து செல்லுதல்' எனப் பொருள்படும் 'பாஸ் அவே' என்னும் வழக்கு, இடைக்கால ஆங்கிலத்திலேயே தோன்றிவிட்டது.

அடக்கத்தலத்தைக் குறிக்கும் 'செமெட்ரி' என்னும் சொல்லோ கிரேக்க மொழியினின்று வந்தது. அதன் மூலப் பொருள் துயிலிடம் என்பதாகும். இறந்தோர் மீண்டும் எழுப்பப்படுவர் என நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள் இச்சொல்லை அடக்கத்தலத்திற்கு வழங்கினர். மறுமையில் எழுப்பப்படுவோர் தம் கப்ரைத் துயிலிடம் என்றே சுட்டுவதை, நாம் நாள்தோறும் ஓதும் யாசீன் சூராவிலும் காண்கின்றோம். இங்கே மென்சொல் உண்மையை மறைக்கவில்லை, நம்பிக்கையை உரைக்கின்றது.

ஆனால் மென்சொற்கள் யாவும் இத்தகையன அல்ல. 'அண்டர்டேக்கர்' என்பது, முதலில் எப்பணியையும் பொறுப்பேற்பவரைக் குறித்த பொதுச்சொல்லாக இருந்து, 17ஆம் நூற்றாண்டில் அடக்கப்பணி செய்வோருக்கு உரியதாயிற்று. அதுவும் கசக்கவே, 1895இல் அமெரிக்காவில் 'மார்ட்டிஷியன்' என்னும் சொல் புனையப்பட்டது. நகைப்பேழையைக் குறித்த 'காஸ்கெட்' சவப்பெட்டிக்குப் பெயராயிற்று. பெயர் மென்மையாயிற்று, செலவோ மென்மையாகவில்லை. துயருற்ற குடும்பங்களிடம் இனிய சொல் பேசி இத்தொழில் பெரும்பொருள் ஈட்டுவதை, 1963இல் ஜெஸிகா மிட்ஃபோர்டு தம் நூலில் அம்பலப்படுத்தினார்.

இதனினும் கொடியது போர்க்களத்தின் மென்சொல். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் 'கொலேட்டரல் டேமேஜ்' என்னும் தொடர் உலகெங்கும் ஒலித்தது. உடன்விளைந்த சேதம் என்பது அதன் பொருள். போரில் மடியும் பொதுமக்களைக் குறிக்க இராணுவத்தார் கையாண்ட தொடர் அது. அவ்வாண்டு பிப்ரவரி 13இல் பக்தாதின் அமீரியா புகலிடத்தில் குண்டு விழுந்து, 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. தாயையும் மகவையும் சேதம் என்று சொல்லும் நா, அவர்களுக்காக அழ வேண்டிய கடமையினின்றும் தப்பிக்கொள்கின்றது.

எனவே மென்சொல்லை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அது யாருக்காகப் பேசப்படுகின்றது என்று ஆராய்ந்தால் போதும். துயருற்றோர்க்கு ஆறுதலாயின் அது கருணை; பொருள் பறிப்போர்க்கும் உயிர் பறிப்போர்க்கும் திரையாயின் அது வஞ்சகம். நாம் வழங்கும் 'வபாத்து' என்னும் சொல்லின் வேர், முழுமையாகப் பெற்றுக்கொள்ளுதலைக் குறிக்கின்றது. கொடுத்தவன் தன் அமானிதத்தை மீட்டுக்கொண்டான் என்னும் உண்மையை அது மறைப்பதில்லை. மையவாடியில் மூன்று பிடி மண் இடும் கைகளும் அவ்வுண்மையையே உரைக்கின்றன.