நந்தனுக்கு அழுதவர்கள்

"பழைய நினைவுகள் வேண்டாம் சார், எல்லோரும் அதையேதான் அனுப்புகிறார்கள். நீங்கள் சரித்திரம் படித்தவர், சரித்திரமாக ஏதாவது கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் இந்தச் சரித்திரமே ஒரு பழைய நினைவில்தான் ஆரம்பமாகிறது. தோழர்கள் பொறுத்தருள வேண்டும்.

1969 பிப்ரவரி. நம் தமிழ் மன்றத்தில் பட்டிமன்றம். "கதை கேட்டு மனிதன் திருந்துவானா?" என்பது தலைப்பு. திருந்துவான் என்ற கட்சியில் நான். சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து அழுத காந்தியை இழுத்தேன். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறாரே, அப்புறம் மறுப்பதற்கு யாரால் முடியும்? அதோடு விட்டேனா? நந்தனார் சரித்திரத்தையும் எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவே அந்தக் கதைக்கு அழுததை வர்ணித்தேன். பலத்த கைதட்டல். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது கூட வந்த நண்பன் ரொம்ப தூரம் பேசவில்லை. சேரியிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன். மெஸ் வாசலில் நின்று சொன்னான்: "நல்லாத்தான் பேசினே. ஆனா எங்க தெருவுல நந்தனார் கதை போட மாட்டாங்க. எங்க ஆளு ஒருத்தன் நெருப்புல எறங்கறான், அதைப் பார்த்து உங்க தெரு அழுவுது. அழுதுட்டு என்ன பண்ணுச்சு?"

கீழ்வெண்மணி நடந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்னிடம் பதில் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கிடைத்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையின் சரித்திரம். திருநாளைப்போவார் என்ற பெயரைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரு சொல்லாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் கொஞ்சம் விரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்தான் அதை முழுக் கதையாக்கினார். அவர் கை பட்டதும் ஆதனூர்ப் புலைப்பாடி கண்முன் வந்து நிற்கிறது. கோழிக் குஞ்சுகள், நாய்க்குட்டிகள், இடுப்பில் மணி கட்டிய குழந்தைகள், மரத்தில் தொங்கும் பறைகள். சோழ அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்த ஒருவர் இதையெல்லாம் இவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறாரே என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் பூஜைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழி விடுகிறது. "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று தவித்துக் கடைசியில் தில்லைக்குப் போய், மதிலுக்கு வெளியே நெருப்பில் மூழ்கி, பூணூலோடு முனிவராக எழுந்து, உள்ளே போய் மறைகிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேக்கிழாரின் நந்தனுக்கு முதலாளி கிடையாது. பறைத் தொழிலுக்கென்று ஊர் விட்ட நிலம் அவருக்கு இருக்கிறது. அவரைத் தடுப்பது பிறப்பைப் பற்றி அவர் மனதிலேயே இருக்கிற அச்சம் ஒன்றுதான்.

நமக்கெல்லாம் நந்தனார் என்றவுடன் ஞாபகம் வருகிற வேதியர் எங்கிருந்து வந்தார்? சேக்கிழாருக்கு எழுநூறு வருஷம் கழித்து வந்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் கொண்டு வந்தார். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் பிறந்தவர், பிரம்மசாரி, மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் ஒரு மிராசுதார் வீட்டு ஆதரவில் இருந்தவர். அறுப்பு, களம், கூலி அளப்பு, பண்ணையாள் கைகட்டி நிற்பது எல்லாம் திண்ணையிலிருந்தே அவர் கண்ணில் பட்டிருக்கும். அவருடைய நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்க வேண்டும். நாற்பது வேலியையும் பயிரிட்டு அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே ராத்திரியில் சிவகணங்கள் விளைத்துக் கொடுக்க, வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

புராணத்தில் இல்லாததைக் கற்பனையாகச் சேர்த்தார் என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் குறைப்பட்டதுண்டு. என்னைக் கேட்டால் கதையில் இருக்கிற நிஜமே அதுதான். ஒரு மனிதனுக்கும் சாமிக்கும் நடுவில் நிற்பது சாஸ்திரம் மட்டுமில்லை, அறுப்பும் லீவும்தான் என்பதை அன்றைய எந்தத் தர்ம நூலும் சொல்லவில்லை. ஒரு பாகவதரின் பொய் சொன்னது.

இந்தக் கதையின் முதல் வெற்றியும் ஒரு அழுகைதான். உ.வே. சாமிநாதையர் சொல்லியிருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப் பாயிரம் கேட்டு நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை மலிந்த நூல் என்று பிள்ளைக்குத் தயக்கம், இழுத்தடித்தார். ஒருநாள் பாரதியார் அங்கே காத்திருந்தபடி தம் பாட்டையே பாடிக்கொண்டிருக்க, கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்துவிட்டார். 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் முயற்சியில் புத்தகம் அச்சேறியது. அதற்குப் பிறகு தஞ்சை ஜில்லாவில் நந்தனார் கதை நடக்காத ஊரே இல்லை என்று ஆயிற்று.

1935ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராகவும் நடித்த படம் வந்தது. அந்தம்மாவுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பதைத்தான் ஊர் அதிகம் பேசியது. 1942ல் ஜெமினியின் நந்தனார், தண்டபாணி தேசிகர். இரண்டுக்கும் ஜனங்கள் அழுதார்கள்.

என் நண்பன் கேட்டதை 1758லேயே பிரான்சில் ரூசோ கேட்டுவிட்டார் என்பது எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது. ஜெனீவாவில் நாடகக் கொட்டகை வேண்டும் என்று எழுதிய தலாம்பேருக்கு அவர் நீளமாக ஒரு பதில் எழுதினார். நாடகத்தில் ஒருவன் படும் கஷ்டத்துக்கு அழுதவுடன், செய்ய வேண்டியதைச் செய்து முடித்த திருப்தி நமக்கு வந்துவிடுகிறது, அந்தக் கண்ணீருக்குச் செலவும் கிடையாது, சிரமமும் கிடையாது என்பது அவர் வாதத்தின் சாரம். படித்தபோது எனக்கு மெஸ் வாசல்தான் ஞாபகம் வந்தது.

பட்டிமன்றத்தில் நான் வர்ணித்த அழுகையின் மீதிப் பாதியை அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 1968 டிசம்பர் கடைசி. திருவாதிரை நெருங்குகிறது என்று எங்கள் வீட்டு வாசல் பந்தலில் நாலு நாள் நந்தனார் கதை. தாத்தாதான் செலவு. உத்தரவு கேட்கும் கட்டத்தில் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவருக்கு மூக்கே சிவந்துவிட்டது. பந்தலுக்கு வெளியே, பனியில், தலையில் துண்டோடு எங்கள் பண்ணையாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயசு, எனக்குப் பதினெட்டு. நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன்.

மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் வந்து நின்றார். மகளைக் கட்டிக் கொடுத்தது வெண்மணிக்குப் பக்கத்து ஊர். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேனுங்க ஆண்டே." வெண்மணிச் செய்தி பேப்பரில் வந்து நாலைந்து நாள்தான் இருக்கும். தாத்தா முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "சம்பா தலை சாஞ்சு கெடக்கு, அறுப்பு முடியட்டும், போகலாம்" என்றார்.

உள்ளேயிருந்து பாட்டி குரல்: "நேத்து ராத்திரி வேதியர் சொன்னதாச்சே அது."

பாட்டி மூணாங் கிளாஸ். நான் பி.ஏ. சரித்திரம். பக்கத்திலேயே நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தும் அவள் சொல்லும் வரை எனக்கு உறைக்கவில்லை. தாத்தா ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ரெண்டு நாள். கூலி கெடையாது" என்றார்.

நூறு வருஷமாகக் கேட்ட கதை எங்கள் வீட்டில் செய்து காட்டியது அந்த இரண்டு நாள். ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டிக்கு அந்தக் கதை ஒரு கண்ணாடியாக இருந்தது. தன் வீட்டுக்காரரை அதில் பார்த்துவிட்டாள். தாத்தாவும் பார்த்தார், கூலியில்லாத அளவுக்கு.

வெண்மணியை இங்கே தொடாமல் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறின் முடிவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் பின்னால் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நரிமணமும் வெண்மணியும் இன்று ஒரே நாகப்பட்டினம் மாவட்டம். நந்தனார் கதையைத் தமிழ்நாட்டிலேயே அதிகம் கேட்ட மண் இது. நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே வரலாம் என்ற முடிவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்டுப் பழகியவர்களுக்கு, அந்த நெருப்பு பயங்கரம் என்று ஏன் தோன்றாமலே போயிற்று? அறுப்பும் உத்தரவும் அநியாயம் என்று கதையின் முதல் பாதி சொல்லித் தருகிறது. கடைசிக் கட்டம் அதை அழித்துவிடுகிறது. வேதியர் காலில் விழுந்தார், சாமி ஏற்றுக்கொண்டார், மங்களம் பாடியாயிற்று, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இது என் சொந்த அபிப்பிராயம். நம்மில் சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

அதே கதையை வேறு இடத்தில் உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் நெருப்பில் இறங்கிய இடம் என்று சொல்லப்படும் ஓமக்குளத்தை ஒட்டியே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எழும்பியது. புதுமைப்பித்தன் "புதிய நந்தன்" எழுதினார். 1949ல் நல்லதம்பி படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். ஞாபகம் இருக்கிறதா? அவருடைய கிந்தன் ஏங்குவது சிதம்பரத்துக்கு அல்ல, பட்டணத்துப் படிப்புக்கு. நெருப்பு கிடையாது, ரயில். படித்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நாங்கள் சிரித்தோம். சிரித்தபோது கற்றுக்கொண்டது அழுதபோது கற்றதைவிட அதிகமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எழுத்தாளன் நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் கண் வேறு பக்கம் போய்விடுவதுண்டு. இந்திரா பார்த்தசாரதி வெண்மணியை வைத்து 1975ல் குருதிப்புனல் நாவல் எழுதினார். சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதால், கூலிப் பிரச்சினை மறைந்துபோயிற்று என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். பிறகு அவரே எழுதிய நந்தன் கதை நாடகத்தில், நந்தனைச் சூழ்ச்சி செய்து நெருப்புக்கு அனுப்புகிறார்கள். மங்களம் பாடி எழுந்துபோக முடியாத முடிவு அது. எனக்குப் பிடித்தது.

மற்றபடி, காரியம் நடந்ததெல்லாம் வேறு வழியில்தான். 1939 ஜூலை 8ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அழைத்துப் போனது, 1947ன் ஆலயப் பிரவேசச் சட்டம், 1952ன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், வெண்மணிக்குப் பிறகு 1969ல் வந்த நியாயக் கூலிச் சட்டம், இவற்றுக்கெல்லாம் பின்னால் கொடி பிடித்தவர்களும் அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். பாகவதர்கள் இல்லை. பட்டிமன்றத்தில் எதிர்க்கட்சி இதைச் சொல்லியிருந்தால் டம்ளர் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் சட்டப்படி லீவு கொடுக்க வேண்டிய ஒரு முதலாளியிடம், "நேற்று நீங்கள் அழுதது இதற்குத்தானே" என்று சமையலறையிலிருந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைச் சட்டத்தால் உண்டாக்க முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. கதையால் ஒருத்தி உண்டானதை நான் பார்த்தேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் நண்பனுக்குப் போன் போட்டேன். ரிடையர் ஆகிப் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறான். நந்தனாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "நந்தனைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்கப்பா. நீ உங்க தாத்தாவைப் பத்தி எழுது" என்றான். அப்புறம், அந்த டம்ளர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

இருக்கிறது. சங்கமத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன். எங்கள் பண்ணையாள் சொன்ன இரண்டு நாளில் திரும்பவில்லை, ஐந்தாம் நாள்தான் வந்தார். தாத்தா என்ன செய்தார் என்பதை நண்பனிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.