இருபத்தேழு நாடுகளுக்கு ஒரு சட்டம்

அரசுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்வது உலகிற்குப் புதியதன்று. போரில் களைத்தவர்கள் உடன்படிக்கை எழுதுவதும், களைப்புத் தீர்ந்ததும் அதனைக் கிழித்தெறிவதும் வரலாற்றில் நாம் பன்முறை படித்த செய்தியே. ஆனால், தன் பிரதிநிதியே எதிர்த்து வாக்களித்த ஒரு சட்டத்திற்குச் சுதந்திரமான ஓர் அரசு கட்டுப்பட்டு நடப்பதென்பது புதியது, வியப்பிற்குரியது. அந்த வியப்பினை ஐரோப்பிய ஒன்றியத்தில் காண்கிறோம். அது எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மும்முறை பொருதின. மூன்று போர்களையும் ஒரே ஆயுளில் கண்ட முதியோர் அந்நாடுகளில் இருந்தனர். நான்காவது போர் நிகழாதிருக்க வழி யாது என்னும் கேள்விக்கு, 1950 மே 9ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு விடை பகர்ந்தார். அவர் லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மானியக் குடிமகனாக வளர்ந்து, முதல் உலகப் போருக்குப் பின் லொரேன் பகுதி கைமாறியதால் பிரெஞ்சுக் குடிமகனானவர். எல்லைக்கோடு மனிதனை என்ன செய்யும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

ஷான் மோனே என்பாரும் அவர்தம் துணைவர்களும் வகுத்த அத்திட்டம் எளியது. நிலக்கரியும் எஃகும் இன்றிப் பீரங்கி இல்லை. ஆகவே அவ்விரண்டையும் எந்த ஒரு நாட்டின் தனியதிகாரத்திலும் விடாது, பொதுவான ஓர் உயர் அதிகார அமைப்பிடம் ஒப்படைப்போம் என்பதே அது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறும் 1951இல் பாரிஸில் கையொப்பமிட்டன. 1957 மார்ச் 25இல் ரோமாபுரியில் எழுதப்பட்ட உடன்படிக்கை, அவ்வேற்பாட்டைப் பொதுச் சந்தையாக விரித்தது.

இங்கே ஒரு சொல்லை நோக்குதல் தகும். அரபு ஏடுகள் இவ்வொன்றியத்தை 'அல் இத்திஹாதுல் ஊரூப்பி' என்று வழங்குகின்றன. 'வஹ்தா' என்பது ஒருமை. 'இத்திஹாத்' என்பது பலவாயிருந்தவை ஒன்று சேர்தல். வேர் ஒன்றேயாயினும் பொருள் வேறு. ஐரோப்பிய நாடுகள் தம் கொடியையோ மொழியையோ படையையோ இழந்து ஒரே நாடாகிவிடவில்லை. எனவே, சேர்ந்தவை எவ்வாறு முடிவெடுக்கும் என்பதே அவற்றின் முதற் சிக்கலாயிற்று.

அச்சிக்கலுக்கு வழக்கமான தீர்வு ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1945 மார்ச் 22இல் கெய்ரோவில் கையெழுத்தான அரபு லீக் சாசனத்தின் ஏழாம் விதி, ஒருமனதான முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும் என்றும், பெரும்பான்மை முடிவு அதனை ஏற்றவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றும் கூறிற்று. இதனால் எந்த அரசின் இறைமைக்கும் ஊறில்லை. ஆனால், விரும்பாதவனைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் இல்லை. ரோமாபுரி உடன்படிக்கையோ வேறு வழி சென்றது. அமைச்சர் மன்றத்தில் பெரிய நாடுகள் மூன்றுக்கும் நந்நான்கு வாக்குகள்; பெல்ஜியத்திற்கும் நெதர்லாந்திற்கும் இவ்விரண்டு; லக்சம்பர்க்கிற்கு ஒன்று; ஆகப் பதினேழு. அவற்றுள் பன்னிரண்டு சேர்ந்தால், ஆணையம் முன்மொழிந்தது நிறைவேறும். 1966ஆம் ஆண்டு முதல் பல துறைகளில் இம்முறை நடைமுறைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் எழுதியதை வாழ்வில் ஏற்பது எளிதன்று. 1965இல் ஆணையம் வேளாண்மை நிதிக்காக ஒரு திட்டம் கொணர்ந்து, அதனோடு பொது நிறுவனங்களின் அதிகாரத்தையும் கூட்ட முனைந்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தெ கோல் வெகுண்டார். பிரான்சின் நலனைப் பிறர் வாக்கெடுத்து முடிவு செய்வதா என்பது அவர் வினா. ஜூன் 30ஆம் நாள் கூட்டம் முறிந்தது. ஏழு மாதங்கள் மன்றத்தில் பிரான்சின் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆயினும் ஏனைய ஐவரும் கலைந்துவிடவில்லை. 1966 ஜனவரி இறுதியில் லக்சம்பர்க்கில் ஓர் இணக்கம் காணப்பட்டது: ஒரு நாட்டின் மிக முக்கியமான நலன் சம்பந்தப்பட்டால், அனைவரும் ஏற்கும் தீர்வைக் காண முயலவேண்டும். அம்முயற்சி தோற்றால் என் செய்வது? அதில் தமக்குள் கருத்து வேற்றுமை உண்டு என்பதை மட்டும் அறுவரும் எழுதிவைத்துப் பிரிந்தனர்.

அதன் விளைவு நெடுநாள் நீடித்தது. வாக்கெடுப்பு அரிதாயிற்று, பேச்சு நீண்டது. கட்டடக் கலைஞரின் தகுதியை எல்லா நாடுகளும் ஏற்பதற்கென 1967இல் முன்மொழியப்பட்ட ஒரு விதி 1985இல்தான் நிறைவேறிற்று! இத்தேக்கத்தை உடைக்கவே 1986இல் கையெழுத்தான ஒருங்கிணைந்த ஐரோப்பியச் சட்டம் பெரும்பான்மை வாக்கை மீண்டும் விரித்தது. 1992இல் மாஸ்டிரிக்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை 'ஒன்றியம்' என்னும் பெயரைத் தந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை இன்றைய அமைப்பை வகுத்தது.

அரசியல்வாதிகள் வாதிட்ட அதே காலத்தில், நீதிமன்றம் அமைதியாக ஓர் அடித்தளம் இட்டது. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஒருவர், மின்துறையை அரசுடைமையாக்கியதை எதிர்த்து, இரண்டாயிரம் லிராவுக்கும் குறைந்த மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். அவ்வழக்கில் 1964 ஜூலை 15இல் லக்சம்பர்க் நீதிமன்றம், உடன்படிக்கையால் பிறந்த சட்டத்தை ஒரு நாடு பின்னர் இயற்றும் உள்நாட்டுச் சட்டம் வெல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அற்பத் தொகை, அளப்பரிய விளைவு!

இனி, இன்று சட்டம் பிறக்கும் முறையைக் காண்போம். நாட்டுக்கு ஒருவராக இருபத்தேழு உறுப்பினர் கொண்ட ஆணையமே பெரும்பாலும் சட்ட வரைவை முன்மொழியும் உரிமையுடையது. அவ்வரைவு நாடுகளின் பாராளுமன்றங்களுக்கும் அனுப்பப்படும். தம் அதிகாரத்தில் ஒன்றியம் தலையிடுகிறது என்று கருதினால் அவை எட்டு வாரத்திற்குள் ஆட்சேபம் எழுப்பலாம். பின்னர் இரு சபைகள் அதனை ஆராயும். ஒன்று, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பியப் பாராளுமன்றம். மற்றொன்று, அரசுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம். இரண்டும் ஒரே வாசகத்தை ஏற்றாலன்றிச் சட்டமில்லை. நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மாமன்றம் திசை காட்டுமேயன்றிச் சட்டம் இயற்றாது.

அமைச்சர் மன்றத்தில் இப்போது இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். ஆணையத்தின் வரைவை, நாடுகளில் 55 விழுக்காடு, அதாவது பதினைந்து நாடுகள் ஆதரிக்கவேண்டும். அவற்றில் ஒன்றிய மக்கள் தொகையின் 65 விழுக்காடேனும் அடங்கவேண்டும். சிறியவை பல சேர்ந்து பெரியவற்றை அடக்க முடியாது. பெரியவை சில சேர்ந்து சிறியவற்றை மிதிக்கவும் முடியாது. பாராளுமன்றத்தின் 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் மால்டா பெற்றது மிகுதியே. எனினும் சிறியோன் அஞ்சாது அமர்வதற்குப் பெரியோன் தரும் ஈடு அதுவே.

பிறக்கும் சட்டம் பெரும்பாலும் இருவகைத்து. ஒழுங்குவிதி எனப்படுவது எல்லா நாடுகளிலும் அப்படியே சட்டமாகும். 2016இல் இயற்றப்பட்டு 2018 மே 25 முதல் செயல்படும் தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு விதி இவ்வகையது. பணிப்பாணை என்பதோ இலக்கை மட்டும் விதித்து, வழியை அந்தந்த நாட்டிற்கு விட்டுவிடும்.

குறைகள் இல்லையா? உண்டு. 1979இல் நடந்த முதல் நேரடித் தேர்தலில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2014இல் அது 43 விழுக்காட்டிற்கும் கீழே வீழ்ந்து, 2024இல் 51 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. சட்டம் எங்கோ பிரஸ்ஸல்ஸில், முகமறியாதவர்களால் செய்யப்படுகிறது என்னும் மனக்குறை மக்களிடம் உண்டு. 2005இல் பிரெஞ்சு மக்களும் டச்சு மக்களும் ஐரோப்பிய அரசியல் சாசனத்தை வாக்களித்து நிராகரித்தனர். 2016இல் பிரிட்டிஷ் மக்களில் பெரும்பான்மையோர் விலக முடிவு செய்ய, 2020 ஜனவரி 31இல் அந்நாடு வெளியேறிற்று. வரி, வெளிநாட்டுக் கொள்கை, புதிய நாட்டைச் சேர்த்தல் ஆகியவற்றில் இன்றும் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். ஆகவே ஒரே ஒரு நாடு ஏனையோர் அனைவரையும் நிறுத்திவைக்க முடிகிறது. 1965இன் வினா இன்னும் முற்றாக விடைபெறவில்லை.

ஆயினும் ஒன்றை நாம் கருதவேண்டும். பிரிட்டன் சென்றபோது ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. விலகுவதற்கும் உடன்படிக்கையில் ஐம்பதாம் விதி இருந்தது. அவ்விதிப்படி பேசிப் பிரிந்தனர். அதற்கும் முன்னர், 1979இல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பாராளுமன்றம் தனக்குத் தலைவராகத் தெரிந்தெடுத்தவர் சிமோன் வேய் அம்மையார். பதினாறாம் வயதில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் பிழைத்தவர். அவர் தலைமை வகித்த அச்சபையில் ஜெர்மானிய உறுப்பினர்களும் அமர்ந்திருந்தனர். அவர்கள் பேசவேண்டுமாயின் அவரிடம் அனுமதி கேட்டே பேசவேண்டும். மெல்ல நகரும் குழுக்களையும், முடிவில்லாத வாசகத் திருத்தங்களையும், இருபத்து நான்கு மொழிகளின் மொழிபெயர்ப்புச் சுமையையும் எடைபோடுகிறவர்கள், தராசின் மறுதட்டில் இதனையும் வைத்துப் பார்த்தல் நீதியாகும்.