'எக்கொனொமிக்ஸ்' என்ற சொல்லுக்குள் ஒரு வீடு

வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் 'எக்கொனொமிக்ஸ்' என்பதைப் பொருளியல் என்று எழுதிப் பழகினோம். பொருள் என்றதும் பணமும் சந்தையும்தான் நினைவுக்கு வந்தன. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் வீட்டில் இருக்கிறது என்று அன்று எமக்குத் தெரியாது.

கிரேக்கத்தில் 'ஒய்கோஸ்' என்றால் வீடு. வீட்டாரும் உடைமைகளும் அதில் அடங்கும். 'நெமெய்ன்' என்றால் பங்கிடுதல், நிர்வகித்தல். இரண்டும் சேர்ந்தது 'ஒய்கொனொமியா', அதாவது வீட்டு நிர்வாகம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனொபோன் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பயிர்ச்செய்கையும், பண்டங்களை ஒழுங்காக வைப்பதும், வீட்டுப் பொறுப்பைக் கணவனும் மனைவியும் பகிர்வதும் அதில் பேசப்படுகின்றன.

இச்சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1615இல் பிரான்சைச் சேர்ந்த மொன்கிறேத்தியன் தமது நூலின் தலைப்பில் இதனுடன் 'அரசியல்' என்பதைச் சேர்த்தார். வீட்டுக்குரிய சொல் நாட்டுக்கும் ஆனது. 1890இல் வெளிவந்த அல்பிரட் மார்ஷலின் நூல் 'எக்கொனொமிக்ஸ்' என்ற பெயரை நிலைபெறச் செய்தது. சூழலியலைக் குறிக்கும் 'எக்கொலொஜி' என்பதையும் 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இதே ஒய்கோஸிலிருந்துதான் உருவாக்கினார்.

ஒய்கோஸ் இன்னும் பழைய கிரேக்கத்தில் 'வொய்கோஸ்'. ஊரைக் குறிக்கும் இலத்தீன் 'வீக்குஸ்', குடிகளைக் குறிக்கும் சமஸ்கிருத 'விச்' ஆகியவையும் அதே மூலத்தின் கிளைகள்.

எம்மைப் போன்றவர்களுக்கும் இந்த வேரில் ஒரு பெயர் உண்டு. ஏதென்ஸில் குடியேறிய பிற ஊரவரை 'மெத்தொய்கோஸ்' என்றார்கள். வீடு மாறி வந்தவர் என்றும், கூட வாழ்பவர் என்றும் இதற்குப் பொருள் கொள்வர். அவர்கள் ஆண்டுக்கு 12 திராக்மா வரி கட்டினார்கள்; தனித்து வாழும் பெண்ணுக்கு 6. போருக்கும் போனார்கள். ஆனால் வாக்குரிமை இல்லை. சிறப்பு அனுமதியின்றி நிலமோ வீடோ வாங்கவும் முடியாது. 'அரசியல்' என்ற நூலின் முதற் பகுதியில் வீட்டு நிர்வாகத்தை ஆராய்ந்த அரிஸ்டோட்டிலும் ஸ்டகிராவிலிருந்து வந்த ஒரு மெத்தொய்கோஸ்தான்.

கணக்காளர்களாக நாங்கள் பல நிறுவனங்களின் ஐந்தொகையைத் தயாரித்திருக்கிறோம். ஆனால் அகதியாக வந்த புதிதில், வாடகை அறையில் ஒரு கொப்பியில் வாடகை, பஸ் காசு, ஊருக்கு அனுப்பியது என்று எழுதி வைத்தோமே, இச்சொல்லின் பழைய பொருளுக்கு அதுதான் மிக நெருக்கமானது. பிள்ளைகள் இப்பாடத்தை எடுக்கும்போது அந்தக் கொப்பியையும் காட்டுங்கள்.