கட்டற்ற மென்பொருளும் நிரலாளர் வாழ்வும்

தமிழ் எழுத்துகள் எவருடைய தனியுடைமையும் அல்ல. இலக்கணம் கற்பதற்கு எவரும் எவருக்கும் உரிமைத்தொகை செலுத்துவதில்லை. ஆயினும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் திங்கள்தோறும் ஊதியம் பெறுகிறார். அவ்வூதியம் எழுத்துக்கு விலையன்று, உழைப்புக்குரிய ஈடு. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்கு, யாவர்க்கும் பொதுவாக மென்பொருள் ஆக்கித் தரும் நிரலாளர் எவ்வாறு வாழ்க்கை நடத்துகின்றனர் என்னும் வினா வியப்பளிக்காது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

நிரலாளர் தம் கையால் எழுதும் கட்டளைத் தொகுப்பு மூல நிரல் எனப்படும். அதனைப் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமையளிப்பதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் 'ஃபிரீ' என்னும் ஒரே சொல் விடுதலையையும் விலையின்மையையும் குறிப்பதால் குழப்பம் நேர்ந்தது. 1998ஆம் ஆண்டில் 'திறந்த மூலம்' என்னும் பெயர் முன்வைக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழிலோ 'கட்டற்ற', 'இலவசம்' என இரு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்தார். தாம் எழுதுவதற்குக் கழகம் உரிமை கோரக்கூடாது எனக் கருதி, 1984ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பணியைத் துறந்தார். ஊதியம் இல்லை, உணவுக்கு வழி வேண்டும். அவர் எழுதிய ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பு மென்பொருளைப் பிணைய வசதியுடையோர் விலையின்றிப் பெற்றனர். அவ்வசதி இல்லாதார்க்குக் காந்த நாடாவில் பதிந்து, 150 டாலர் பெற்று, அஞ்சலில் அனுப்பினார். அதுவே அவர் பிழைப்பாயிற்று. நிரல் பொதுவாகவே இருந்தது; பதிந்து அனுப்பும் பணிக்கே பணம் வந்தது.

1989ஆம் ஆண்டில் மூவர் சேர்ந்து அமெரிக்காவில் சிக்னஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். மனிதர் எழுதும் நிரலைக் கணினிச் சில்லு அறியும் கட்டளைகளாக மாற்றும் குனு தொகுப்பியைப் புதிய சில்லுகளுக்கு ஏற்பச் செப்பனிடுவது அவர்தம் பணிகளுள் ஒன்று. அதற்குச் சில்லு செய்யும் நிறுவனங்கள் பணம் தந்தன. பொதுப்பொருளைப் பேணும் திறமைக்குச் சந்தையில் மதிப்புண்டு என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸை வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்ட ரெட் ஹாட் நிறுவனம், பராமரிப்புக்கும் உதவிக்கும் சந்தா பெற்று வளர்ந்தது; 2019ஆம் ஆண்டில் ஐபிஎம் அதனை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. சுவீடனில் தோன்றிய மைசீக்குவல் நிறுவனம் வேறொரு வழி கண்டது. பகிர்ந்து வாழ்வோர்க்குப் பொது உரிமம். தம் நிரலை மறைத்து விற்க விரும்புவோர்க்கு விலையுரிமம். 2008ஆம் ஆண்டில் சன் நிறுவனம் அதனை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது.

எனினும், இவ்வரலாறு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. இணையத்தில் கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் மறைத்துக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் பெரும்பிழை ஒன்று இருப்பது 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. உலகப் பெருநிறுவனங்கள் பல நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு, முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே! ஆண்டுதோறும் வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர்! பிழை வெளிப்பட்ட பின்னரே, பெருநிறுவனங்கள் சில லினக்ஸ் அறக்கட்டளை வழியாக ஒன்றுகூடி நிதியளித்தன. எல்லோரும் நீரருந்திய கிணற்றைத் தூர்வார ஒருவரும் முன்வராத நிலை அது.

ஆகவே, இத்துறையில் புக விழையும் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். நிரலைப் பூட்டிவைத்தல் ஒன்றே பிழைப்புக்கு வழியன்று. கற்பித்தல், செப்பனிடுதல், பேணுதல், பிறர் தேவைக்கேற்ப ஆக்கித் தருதல் ஆகிய அனைத்தும் ஊதியத்திற்குரிய தொழில்களே. பயன்பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பொருள் பொதுவாயினும், அதனை ஆக்கியவர் வயிறு அவருடையதே. அறிவைப் பொதுவாக்கிய கைகளைப் பட்டினி போடும் சமுதாயம், நாளடைவில் அவ்வறிவையும் இழக்கும்.