சூட்ரோ நீராட்டு மண்டபமும் கீரிமலைக் கேணியும்

சான்பிரான்சிஸ்கோ நகரின் மேற்கெல்லையிலே, பசுபிக் மாகடலை நோக்கிய பாறைச் சரிவின் அடியிலே, இடிந்த சீமெந்துச் சுவர்கள் சில கிடக்கின்றன. அவற்றினிடையே பாசி படர்ந்த நீர் தேங்கி நிற்கின்றது. விடுமுறை நாட்களிற் பிள்ளைகளுடன் அங்கு செல்லும் எம்மவர், "இஃதென்ன, பழைய கோட்டையோ?" என வினவுவதுண்டு. கோட்டையன்று, உரோமப் பேரரசின் நீராட்டு மண்டபங்களை மனத்திற்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எழுப்பப்பட்ட பொதுக் குளிப்பகத்தின் எச்சமே அது. நியூ ஜேர்சியிலும் ரெக்சாசிலும் வாழும் வாசகர்களும் அதன் கதையை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், கடலோரத்து நீராடுமிடம் ஒன்றினை இழந்த மக்கள் நாம்.

உரோமரின் நீராட்டு

உரோமருக்கு நீராடல் தனிமையிற் செய்யுங் கருமமாக இருக்கவில்லை. உடலில் எண்ணெய் பூசி, உடற்பயிற்சி செய்து, வளைந்த உலோகக் கருவியால் அழுக்கினை வழித்தெடுத்து, வெந்நீர், இளஞ்சூட்டுநீர், தண்ணீர் என அமைந்த அறைகளிலே அவர்கள் நீராடினர். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கினை அறிந்த எமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தரையைச் சிறு தூண்களின்மீது உயர்த்தி, அதன் கீழே அடுப்பின் வெப்பக் காற்றைச் செலுத்தி அறைகளைச் சூடாக்கினர். தொலைவிலுள்ள ஊற்றுகளின் நீரைக் கல்லாலான கால்வாய்கள் நகருக்குக் கொணர்ந்தன.

உரோமாபுரியிலே கி.பி. 216இல் திறக்கப்பட்ட கரகல்லா நீராட்டு மண்டபம் இவற்றுட் பெரும்புகழ் வாய்ந்தது. பேரரசின் எல்லைக்குள் வாழ்ந்த, அடிமையல்லாத அனைவருக்கும் குடியுரிமை வழங்கிய 212ஆம் ஆண்டின் கட்டளையைப் பிறப்பித்தவனும் இதே கரகல்லா மன்னனே. வரிப்பணம் பெருகுதற்காகவே அவன் அவ்வாறு செய்தான் என்போரும் உளர். 537இல் கொத்தியர் என்னும் இனத்தார் உரோமாபுரியை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களைத் துண்டித்தனர். சுவர்கள் நின்றன, நீர் நின்றுபோயிற்று. அத்துடன் அம்மண்டபத்தின் வாழ்வும் முடிந்தது.

புலம்பெயர்ந்தவன் கட்டிய மண்டபம்

சான்பிரான்சிஸ்கோ மண்டபத்தைக் கட்டிய அடோல்ப் சூட்ரோ 1830இல் ஜேர்மன் மண்ணிலுள்ள ஆகன் நகரிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அந்நகரின் வெந்நீரூற்றுகளிலே உரோமப் படையினர் முன்னொருகால் நீராட்டு மண்டபங்கள் அமைத்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1850இல் அமெரிக்கா வந்த சூட்ரோ, நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களிலே தேங்கிய நீரை வடிப்பதற்கு ஏறத்தாழ நான்கு மைல் நீளமான குடைவுவழி ஒன்றினை அமைத்தார். அப்பங்குகளை விற்றுப் பெற்ற பணத்தால் சான்பிரான்சிஸ்கோவிலே பெருநிலங்களை வாங்கினார். 1895இல் அந்நகரின் மேயருமானார்.

அவருடைய நீராட்டு மண்டபம் 1896 மார்ச் 14ஆம் நாள் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரையின் கீழே ஏழு குளங்கள். ஒன்று நன்னீருக்கும் ஆறு கடல்நீருக்கும் உரியவை. பெருக்கின்போது கடல்நீர் தானாகவே புகுந்து குளங்களை நிரப்புமாறு வாய்க்கால் அமைக்கப்பட்டிருந்தது. அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 17 இலட்சம் கலன். ஐந்நூறுக்கு மேற்பட்ட உடைமாற்றும் அறைகளும், வாடகைக்கு விடுவதற்கென 20,000 நீச்சலுடைகளும் இருந்தன. தொழிலாளர் குடும்பங்களும் வந்துபோகவேண்டும் என்பதற்காகப் புகைவண்டிக் கட்டணத்தைக் குறைக்குமாறு இரயில் நிறுவனத்துடன் வழக்காடிய சூட்ரோ, ஈற்றிலே தாமே ஒரு பாதையை அமைத்தார்.

வாயிலில் நிறுத்தப்பட்டவர்

ஆயினும், எல்லோருக்குமென எழுந்த மண்டபத்தின் நீர் எல்லோருக்கும் உரியதாகவில்லை. 1897ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், அமெரிக்க சுதந்திர தினத்தன்று, நீராடச் சென்ற ஜோன் ஹரிஸ் என்னுங் கறுப்பினத்தவர் தடுக்கப்பட்டார். கறுப்பர்கள் உள்ளே வந்து பார்க்கலாம், நீரில் இறங்கலாகாது என்பதே அங்கு வழக்கம். அவ்வாண்டிலேதான் பொதுவிடங்களில் நிறபேதங் காட்டுதலைக் கலிபோர்னியச் சட்டமொன்று தடைசெய்திருந்தது. அச்சட்டத்தின் துணைகொண்டு ஹரிஸ் வழக்குத் தொடுத்தார். 1898இல் வென்று 100 டொலர் இழப்பீடும் பெற்றார். தாமே அந்நியராக வந்திறங்கிய ஒருவரின் வாயிலிலே இது நிகழ்ந்தது.

இதனைப் படித்து வெள்ளையரை மட்டும் பழித்து நாம் அமைதியடைதல் தகாது. கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே, 1968இல் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட எம் மக்கள் உள்ளே விடும்படி சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. சாதியின் பேரால் ஒருவரைப் பொதுவிடத்திலே தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஊர்க் கிணறுகளிலே யார் அள்ளலாம், யார் கையேந்தி நிற்கவேண்டும் என்பதையும் மூத்தோர் மறந்திரார்.

எமது கேணி

கீரிமலையிலே கடலுக்கு மிக அண்மையில் நன்னீர் ஊறுகின்றது. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கி, நிலத்தடியே ஓடிக் கரையிலே வெளிப்படுவதே அதன் காரணம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உள. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் அங்கு தீர்த்தமாடுவர்; இறந்தோரின் அந்தியேட்டிக் கிரியைகளும் அக்கரையிலேதான் நிகழும்.

1990இலே போர் அப்பகுதி மக்களைப் பெயர்த்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நகுலேஸ்வரம் கோயில் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதன்பின் நீண்டகாலம் அப்பகுதி படையினரின் உயர் பாதுகாப்பு வலயமாகவே இருந்தது. ஊற்று வற்றவில்லை, மக்கள்தாம் அங்கில்லை. பெற்றோரின் அஸ்தியை முன்பின் அறியாத கடல்களிலே கரைத்த பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர்! போர் 2009இல் முடிந்தபின் கேணி மீண்டும் மக்களைக் கண்டது. 2012இலே கோயிலிற் குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஆயினும் சுற்றுப்புறக் காணிகள் அனைத்தும் உரியவர் கைக்கு வந்துவிடவில்லை.

சூட்ரோ மண்டபம் கட்டடத்தைப் பேண இயலாமையால் மூடப்பட்டு, இடிக்கப்படுகையில் 1966 யூன் 26ஆம் நாள் தீக்கிரையாயிற்று. இன்று அது தேசியப் பூங்காவின் பகுதியாகும். அமெரிக்கர் அதன் இடிபாட்டையுங் காத்து, ஹரிஸின் பெயரையுஞ் சேர்த்து நினைவுகூருகின்றனர். நாமும் எம் கேணியின் சிறப்பினையும் எம் வாயில்களின் சிறுமையினையும் பிள்ளைகளுக்கு ஒருங்கே சொல்லுதல் வேண்டும். கரகல்லாவின் மண்டபத்துக்கு நீர் திரும்பவில்லை. சூட்ரோவின் மண்டபத்துக்குக் கூரை திரும்பவில்லை. எமது கேணியிலோ நீர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கின்றது. அடுத்த முறை அப்பாறைச் சரிவிலே நின்று பிள்ளைகள், "இஃதென்ன?" என்று கேட்டால், விடையைக் கீரிமலையிலிருந்து தொடங்குங்கள்.