வரியைக் குறைத்தால் யாருக்கு லாபம்? 1848உம் 2019உம்



போன வாரம் உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வரியைக் குறைச்சா சனத்துக் கையில காசு புழங்கும்தானே? பிறகு ஏன் நாடு விழுந்திச்சு?" அவள் ஒரு தோட்டத்துப் பிள்ளை. நல்ல கேள்வி. அன்று பாடம் முடியுமுன் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் வாசிக்கட்டும்.

முதலில் 1848க்குப் போவோம். அப்போது நம் மலைகளில் தேயிலை இல்லை, கோப்பி. 1847இல் இங்கிலாந்தில் வந்த பொருளாதார நெருக்கடியில் கோப்பி விலை விழுந்தது. தோட்டத் துரைமார் அரசிடம் நிவாரணம் கேட்டார்கள். ஆளுநர் டொரிங்டன் கோப்பி ஏற்றுமதிக்கு இருந்த 2.5 சதவீத வரியை நீக்கினார். சரி, அந்த வருமானம் போனால் கஜானாவை எதால் நிரப்புவது? துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் காசு கட்ட வேண்டும். சலுகை துரைமாருக்கு, சுமை கிராமத்தானுக்கு. மாத்தளையில் கலகம் வெடித்தது. புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

171 ஆண்டுகள் கழித்து 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். இரண்டே வாரத்தில், டிசம்பர் 1ஆம் திகதி முதல், வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2 சதவீத தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. முன்பு மாதம் 10 லட்சம் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்பவர் வற் வரிக்குப் பதிய வேண்டும். அந்த எல்லை 2 கோடியே 50 லட்சமாக உயர்ந்தது. 2020 ஜனவரியில் சம்பளத்தில் கழிக்கப்பட்ட 'பேயி' வரியும் போனது. பொருளாதாரத்தைத் தட்டி எழுப்பத்தான் இதெல்லாம் என்றார்கள்.

நமக்கு என்ன கிடைத்தது என்று நாமே கணக்குப் பார்ப்போம். பேயி வரி மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் எடுத்தவர்களுக்குத்தான். ஆசிரியர்களாகிய எங்களில் அநேகருக்கு அந்த வரி இருந்ததே இல்லை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அவர் வாங்கும் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் முன்பே வற் இல்லை. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது? அதே தேர்தலில் தோட்டத்துக்கு வாக்களித்த 1000 ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் வந்தது. வரிக் குறைப்புக்கு இரண்டு வாரம், ஆயிரம் ரூபாவுக்குப் பதினாறு மாதம்.

அரசின் வருமானம் 2019இல் சுமார் 1,890 பில்லியன் ரூபா. 2020இல் சுமார் 1,368 பில்லியன். இதில் கொரோனாவுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மழை வருமுன்பே கூரையைக் கழற்றி வைத்தவர்கள் நாம். வருமானம் சுருங்கியதும் வெளிநாட்டில் கடன் கிடைக்கவில்லை, காசு அச்சடிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் பாடசாலைக்கு வராத பிள்ளைகளையும், வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளையும் நாங்கள் மறக்கவில்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், இந்த வரிக் குறைப்பையும் ஒரு காரணமாகக் காட்டி, அன்றைய ஆட்சியாளர்கள் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

அப்படியானால் வரிச்சலுகையே கெட்டதா? இல்லை. 2008இல் அமெரிக்கா வரியைத் திருப்பிக் கொடுத்தபோது வசதி குறைந்த குடும்பங்கள் அதை உடனே செலவழித்தன, கடைகளில் வியாபாரம் நடந்தது. இல்லாதவன் கையில் போகும் நூறு ரூபா அன்றே பதுளைச் சந்தைக்கு வந்துவிடும். இருப்பவன் கையில் போனால் வங்கியில் தூங்கும், அல்லது இறக்குமதிப் பொருளாகி டொலரைத் தின்னும். அமெரிக்கா தன் சொந்தக் காசில் கடன் வாங்கியது. நாமோ டொலரில் வாங்கியவர்கள்.

அந்தப் பள்ளத்தை இன்று நிரப்புவது யார்? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். முன்பு விலக்கு இருந்த பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அது வந்தது. கொழும்பில் கோடீஸ்வரர் வாங்கும் எரிவாயுவுக்கும் பசறை லயத்தில் வாங்கும் எரிவாயுவுக்கும் ஒரே வரி. ஸகாத்தில் நிஸாப் அளவு உள்ளவர்தான் கொடுக்க வேண்டும், இல்லாதவர் வாங்கலாம். வற் வரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மகளே, உன் கேள்விக்கு இதுதான் பதில். வரியைக் குறைத்தால் காசு புழங்கும், ஆனால் யாருடைய வரி என்று பார்க்க வேண்டும். அடுத்த தேர்தலில் பதுளை மேடையில் யாராவது "வரியைக் குறைப்போம்" என்றால் கைதட்டுமுன் நாம் கேட்போம்: யாருடைய வரியை? அந்தக் குறையை யார் பையிலிருந்து எடுப்பீர்கள்?

1848இல் அதைக் கேட்டவர்களைச் சுட்டார்கள். 2019இல் நாம் கேட்கவே இல்லை.